லாஸ்பேட்டையிலிருந்து வானம் பார்க்க: சிறு விமானங்களையும் விமான சாகசக் காட்சிகளையும் ரசிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

லாஸ்பேட்டையிலுள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளம் கொண்டது. பெரிய ஜெட் விமானங்கள் முழுச் சுமையுடன் இறங்கி எழுவதற்கு இந்த நீளம் போதாது. நீட்டிக்க வேண்டுமானால் எல்லையை ஒட்டியுள்ள தமிழகப் பகுதியின் நிலமும் தேவைப்படுகிறது; அந்தப் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பயணிகளுக்கு இது குறையாக இருக்கலாம். விமானங்களைப் பார்த்து மகிழ விரும்புகிறவருக்கோ இந்தச் சிறிய அளவே பெரிய வசதி. மீனம்பாக்கத்தில் நாளெல்லாம் நின்றாலும் விமானங்கள் வரிசையாக வந்து போவதைத்தான் காண முடியும். லாஸ்பேட்டையில் ஒரே விமானம் வந்தாலும், அது எந்தத் திசையிலிருந்து ஏன் வந்தது, எந்த இடத்தில் தரையைத் தொட்டது, எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதையெல்லாம் நிதானமாகக் கவனிக்கலாம்.

இந்த வழிகாட்டி புதுச்சேரியிலும் கடலூரிலும் வசிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. தரையில் நின்று பார்ப்பதில் தொடங்கி, விமான சாகசக் காட்சிகளுக்குச் சென்று, விரும்பினால் ஒரு சிறு விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைக் கையில் பிடிப்பது வரை படிப்படியாகச் செல்வோம்.

முதற்படி: காற்றைப் படிக்கப் பழகுங்கள்

புதிதாக இந்த ஆர்வத்துக்குள் வருகிறவர்கள் முதலில் வாங்க நினைப்பது கேமராவை, அல்லது தொலைநோக்கியை. இரண்டும் பிறகு வரலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று, ஏனெனில் விமானங்கள் இயன்றவரை காற்றை எதிர்த்தே இறங்கும், காற்றை எதிர்த்தே எழும். எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் குறையும். குறைந்த தூரத்திலேயே நிற்கவும் எழவும் முடியும். ஆகவே, இன்று எந்தப் பக்கம் நின்றால் விமானம் தாழ்வாக வருவதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு விடை காற்றில்தான் உள்ளது.

லாஸ்பேட்டை ஓடுதளத்தின் இரு முனைகளுக்கும் 07, 25 என்ற எண்கள் உண்டு. இவை காந்தத் திசையைப் பாகையில் கணக்கிட்டுக் கடைசி இலக்கத்தை நீக்கிய எண்கள். 07 என்றால் ஏறத்தாழ 70 பாகை, அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே, கடலை நோக்கி. 25 என்றால் 250 பாகை, அதாவது மேற்குக்குச் சற்றுத் தெற்கே, உள்நாட்டை நோக்கி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் வாடையும் (வடகாற்று) கொண்டலும் (கீழ்க்காற்று) வீசும் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் மேற்குப் புறத்திலிருந்து தாழ்ந்து வந்து கடலை நோக்கியபடி இறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஓங்கியிருக்கும் காலைப்பொழுதுகளில் இது தலைகீழாகும். விமானம் கடல் பக்கமிருந்து வந்து, கடற்கரையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் கடந்து இறங்கும்.

கோடையில் இதைவிடச் சுவையான ஒன்று நடக்கிறது. காலை முழுவதும் மேல்காற்று வீசி, நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே நுழையும் நாட்களில் ஓடுதளத்தின் பயன்பாட்டுத் திசையே மாறிவிடக்கூடும். முற்பகல் விமானம் கடல் பக்கமிருந்தும் பிற்பகல் விமானம் நிலப் பக்கமிருந்தும் வந்தால், இடையில் கடற்காற்று ஏறிவிட்டது என்று பொருள். கடலூர்த் துறைமுகத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கடலுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த மாற்றம் நேரத்தோடு தெரியும். அவர்களிடம் பேசிப் பாருங்கள், எந்தக் கைபேசிச் செயலியையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள். மேல்காற்று மிகக் கடுமையாக இருக்கும் நாளில் கடற்காற்று வெகுநேரம் தாமதமாகும், சில நாட்களில் வராமலே போகும். காற்று மெலிந்திருக்கும்போது எந்த முனையையும் பயன்படுத்தலாம் என்பதால், அப்போது கணிப்பு பொய்க்கலாம்.

விமான நிலையங்களில் கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும் பட்டைகள் கொண்ட துணிக்குழாய்தான் காற்றுத்திசைகாட்டி. அதன் அகன்ற வாய் காற்று வரும் திசையை நோக்கியிருக்கும், குறுகிய முனை காற்று போகும் திசையைக் காட்டும். பொதுவாகச் சுமார் 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில், அந்தக் குழாய் முழுவதுமாக நிமிர்ந்து நிற்கும். பாதி தொங்கினால் காற்று மிதமானது. ஓடுதளத்துக்குக் குறுக்காக அது நிமிர்ந்து நிற்கும் நாளில் தவறாமல் சென்று பாருங்கள்: விமானி மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பி நண்டுபோல் பக்கவாட்டாக நகர்ந்து வந்து, தரையைத் தொடும் கணத்தில் நேராக்குவதைக் காணலாம். விமானம் ஓட்டும் திறமை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை.

கத்திரி வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசையும் இயந்திரத்துக்குச் சக்தியும் அதில் குறைவாகவே கிடைக்கும். கடல் மட்டத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸ் இருந்தால், விமானம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓடுதளத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். 1,500 மீட்டர் ஓடுதளத்தில் இது சிறிய செய்தியன்று. மே மாதப் பிற்பகலில் எழும் விமானம் தை மாதக் காலையில் எழும் அதே விமானத்தைவிட நீண்ட தூரம் ஓடுவதைக் கவனித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: நிற்கும் இடமும் நிற்கும் முறையும்

விமானங்கள் இறங்கும் பாதை பொதுவாக 3 பாகைச் சரிவு கொண்டது. எனவே ஓடுதளத்தின் முனையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் தலைக்கு மேல் விமானம் சுமார் 100 மீட்டர் உயரத்தில் செல்லும். சுற்றுச்சுவரை நெருங்கித்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கே போக்கிவிடும். பொதுச் சாலையோரம், ஒரு மொட்டை மாடி, திறந்த மைதானம் ஆகியவை போதும். மாடியாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஓடுதளம் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் தென்புறத்தில் நிற்பவருக்கு வெயில் முதுகில் விழும். விமானத்தின் நிறங்கள் நன்றாகத் தெரியும்.

சட்டம் குறித்துத் தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சுற்றுச்சுவர் மீது ஏறுவது, வேலியை ஒட்டி வெகுநேரம் நின்று உள்ளே படமெடுப்பது ஆகிய இரண்டையும் செய்யாதீர்கள். 2024 ஆகஸ்டில் புதுச்சேரியில் இந்தியக் கடலோரக் காவல்படையின் விமானத் தளம் திறக்கப்பட்டது. பாதுகாப்புப் படைகளின் இடங்களைப் படமெடுப்பது பெருங்குற்றம் என்பதால், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதைக் கேட்கும் வானொலிப் பெட்டிகள் சில நாடுகளில் சாதாரணமாகப் பயன்பாட்டில் உள்ளன. இங்கே உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது சிக்கலைத் தேடிக்கொள்வதாகும். டிரோன் பறக்கவிட நினைப்பவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே போதும். விமான நிலையச் சுற்றுப்புறம் சிவப்பில், அதாவது அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத பகுதியாக, இருக்கும். பட்டமும் லேசர் விளக்கும் இதே வகையில் சேர்ந்தவை. காவலர் யாராவது வந்து விசாரித்தால், அடையாள அட்டையைக் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள்.

கோழி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு எலும்பை அங்கேயே எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: காகமும் பருந்தும் கூடும் இடத்தில் விமானத்துக்கு ஆபத்து கூடுகிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதையும் கழிவுகளைக் கொட்டுவதையும் விமான விதிகள் தடுக்கின்றன. விமானத்தை விரும்பிப் பார்க்க வருகிறவர் அதற்கே தீங்கு செய்துவிட்டுத் திரும்பக் கூடாது.

மூன்றாம் படி: வருவது எது என்று அறிதல்

லாஸ்பேட்டையில் அடையாளம் காணக் கற்பது எளிது, ஏனெனில் வகைகள் குறைவு. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ நிறுவனம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். 72 விமானங்களை இங்கிருந்து இயக்கத் தொடங்கியது. இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருந்தியிருக்கும். வாலின் உச்சியில் கிடைமட்ட இறகு ஆங்கில டி எழுத்தின் வடிவில் அமர்ந்திருக்கும். ஒவ்வோர் இயந்திரத்திலும் ஆறு அலகுகள் கொண்ட புரொப்பல்லர் சுழலும். சக்கரங்கள் உடலின் அடியிலுள்ள புடைப்புகளுக்குள் மடங்கும். பிரான்சின் துலூஸ் நகரில் இறுதி வடிவம் பெறும் விமானம் பழைய பிரெஞ்சு ஊரில் வந்து இறங்குவது தற்செயல்தான், ஆனாலும் இனிமையான தற்செயல். தரையைத் தொட்டவுடன் ஒலி சட்டென்று தடித்து மாறுவதைக் கேளுங்கள். புரொப்பல்லர் அலகுகளின் கோணம் மாற்றப்பட்டு, அவை விமானத்தைத் தடுத்து நிறுத்தும் ஒலி அது.

ஹெலிகாப்டர்களில் கடலோரக் காவல்படை பயன்படுத்தும் இருவகைகளை அறிந்துகொண்டால் போதும். சேத்தக் சிறியது, ஒற்றை இயந்திரமும் மூன்று அலகு மேற்சுழலியும் கொண்டது, அதுவும் பிரெஞ்சு வடிவமைப்பில் பிறந்து பெங்களூரின் எச்.ஏ.எல். ஆலையில் உருவானதே. துருவ் அதைவிடப் பெரியது. இரட்டை இயந்திரங்களும் நான்கு அலகுகளும் உடையது. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டே இரண்டையும் பிரித்தறியச் சில வாரங்களில் பழகிவிடும்.

விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் பிளைட்ரேடார் 24 போன்ற கைபேசிச் செயலிகள் உதவியானவைதான். ஆனால் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி இயங்கும் விமானங்களையே அவை காட்டும். படைப்பிரிவு ஹெலிகாப்டர்களும் சில சிறு விமானங்களும் திரையில் தோன்றாமலே தலைக்கு மேல் பறந்து போகும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் அவற்றைத் தவறவிடுவார். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மாலையில் அமர்ந்திருப்பவர்களுக்குச் செயலியின் பயன் வேறு: மிக உயரத்தில் வெண்கோடு இழுத்துச் செல்லும் விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியில் ஒரு சிறு விமான நிலையம் உண்டு. நிலக்கரி நிறுவனத்துக்காக உருவான அது, வாயுதூத் என்ற அரசு விமான நிறுவனத்தின் சேவை இருந்த காலத்தில் பயணிகளையும் கண்டது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தின் எச்சம் இன்றும் உள்ளது. விமானம் பார்க்கச் செல்லும் இடங்களல்ல இவை. ஆனால் அந்த வழியாகப் போகும்போது, ஓர் ஓடுதளம் எந்தத் திசையில் ஏன் போடப்பட்டது என்று காற்றை வைத்து யோசித்துப் பார்க்க ஏற்ற இடங்கள்.

நான்காம் படி: படமெடுத்தல்

அனுமதியுள்ள இடத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் விமானத்தை மிக வேகமான ஷட்டரில் எடுத்தால் அலகுகள் உறைந்து, இயந்திரம் நின்றுபோன விமானம் வானில் தொங்குவதுபோல் தெரியும். நொடியில் 1/125 முதல் 1/250 வரை வைத்து, விமானத்தோடு கேமராவையும் சீராகத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். ஜெட் விமானத்துக்கு 1/1000 அல்லது அதற்கும் மேல். வெயில் ஏறியபின் ஓடுதளத்தின் மீது கானல் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்சும் அதை வெல்லாது. காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள். அல்லது மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் எடுங்கள்.

ஐந்தாம் படி: விமான சாகசக் காட்சிகளுக்குச் செல்லுதல்

புதுச்சேரியிலிருந்து சென்று வரக்கூடியவற்றில் முதன்மையானது பெங்களூர் எலகங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும் ஏரோ இந்தியா. 1996 முதல் நடந்துவரும் இது, இப்போது ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் நடைபெறுகிறது. 2025இல் பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது. முதல் நாட்கள் வணிகத்துக்கானவை, கடைசி இரு நாட்கள் பொதுமக்களுக்கானவை. அரங்குகளுக்குள் செல்லும் சீட்டு வேறு, பறத்தலைப் பார்க்கும் திடலுக்கான சீட்டு வேறு. பறப்பதை மட்டும் காண விரும்பும் குடும்பத்துக்கு இரண்டாவதே போதும் என்பது என் கருத்து. இரவுப் பேருந்தில் திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகச் சென்றால் விடியலில் பெங்களூர் சேரலாம். சொந்த வண்டியில் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2019இல் நிகழ்ச்சித் திடலின் வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்து ஏறத்தாழ 300 கார்கள் எரிந்தன. காய்ந்த புல்லின் மீது சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே புகைபிடிக்கவும் கூடாது. காட்சி நாட்களில் எலகங்காவைச் சுற்றி இறைச்சி விற்பனைக்குத் தடை இருக்கும். முன்பு சொன்ன பருந்துகளே அதற்கும் காரணம். இரட்டைப்படை ஆண்டுகளில் ஐதராபாத் பேகம்பேட்டையில் விங்ஸ் இந்தியா நடக்கிறது. அது பயணிகள் விமானங்களுக்கு முதன்மை தரும் நிகழ்ச்சி.

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த சாகச நிகழ்ச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 72 விமானங்கள் பங்கேற்றன. கடற்கரையில் பல லட்சம் பேர் திரண்டனர். வெயிலிலும் நெரிசலிலும் சிக்கியவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தனர். விமானப்படை நாளையொட்டிய இந்தக் காட்சி அண்மை ஆண்டுகளில் ஊர் மாறி ஊராக நடப்பதால், ஆண்டுதோறும் சென்னையில் எதிர்பார்க்க வேண்டாம். மீண்டும் வரும்போது செய்ய வேண்டியவை இவை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது, உப்புக் கரைசல் பொட்டலங்கள், தொப்பி, பருத்திச் சட்டை ஆகியவை கட்டாயம். மெரினாவில் பார்வையாளர் கிழக்கு நோக்கியே நிற்க நேரும், முற்பகல் முழுவதும் வெயில் கண்ணில் அடிக்கும், ஆகவே கறுப்புக் கண்ணாடியும் அவசியம். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் மணலுக்கு அழைத்துச் செல்லாமல், உள்சாலை ஒன்றில் நிழல் தரும் இடத்தில் நிறுத்துங்கள். உயரத்தில் நடப்பது அங்கிருந்தும் தெரியும். முடிந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்துக்கு ஓடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஒரு மணி நேரம் பொறுத்துப் புறப்படுங்கள். ஊர் திரும்பும் பேருந்தை மாலைக்குப் பதிவு செய்துகொண்டால் அந்தப் பொறுமை தானே வரும்.

எந்தக் காட்சியானாலும் பார்க்கும் முறை ஒன்றுண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருவதால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் போர்விமானத்தின் ஓசை மூன்று நொடி தாமதமாகவே காதை எட்டும். ஓசை வந்த இடத்தைப் பார்த்தால் வானம் வெறுமையாக இருக்கும். அது போகும் திசையில் முன்னே தேடுங்கள். சுகோய், ரபேல் போன்றவை தாழப் பறக்கும்போது பிள்ளைகளின் காதுகளை மூடக் காதடைப்பான் கொண்டு செல்லுங்கள். ஒன்பது ஹாக் விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பறக்கும், விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவைக் காணும்போது, நடுவிலுள்ள தலைமை விமானத்தை விட்டுவிட்டு, ஓரத்து விமானத்தை மட்டும் தொடர்ந்து பாருங்கள். திருப்பத்தில் உள்ளே இருப்பது வேகம் குறைக்க வேண்டும், வெளியே இருப்பது கூட்ட வேண்டும். அந்தச் சிறு திருத்தங்களைக் கண்டபின் கூட்டத்தின் கைதட்டலுக்கு வேறு பொருள் கிடைக்கும். துருவ் ஹெலிகாப்டர்களில் பறக்கும் சாரங் குழு நம் கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்டது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஆறாம் படி: சிறு விமானத்தில் ஏறுதல்

லாஸ்பேட்டையில் பயிற்சி விமானங்கள் வட்டமிட்ட காலம் ஒன்றிருந்தது. இப்போது சிறு விமானத்தில் ஏற விரும்புகிறவர்களுக்கு நெருங்கிய நல்ல தொடக்கம் பெங்களூரின் ஜக்கூர். அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி அங்கே உள்ளது. கல்லூரி மாணவர்கள் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தால், பிபிஸ்ட்ரெல் வைரஸ் என்ற இருவர் அமரும் இலகு விமானத்தில் பறக்கும் வாய்ப்பு கிடைக்கலாம். பணம் கொடுத்து ஏறுவதானால், அந்த நிறுவனத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி உண்டா, காப்பீடு உண்டா என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிப்பவரிடம் ஏற வேண்டாம்.

காலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள். நண்பகலுக்குமேல் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று சிறு விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். உடல் எடையைக் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். செஸ்னா 152 போன்ற 110 குதிரைத்திறன் விமானத்தில் பத்து கிலோவும் கணக்கில் சேரும். விமானி பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பார். அப்போது அவரோடு நடக்க அனுமதி கேளுங்கள், பயணத்தின் பாதிச் சுவை அங்கேதான். இறக்கையின் அடியிலிருந்து சிறு குப்பியில் எரிபொருளை வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். நீல நிறத்தில் இருப்பது அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல், அடியில் தெளிந்து நிற்பது தண்ணீர். இயந்திரம் நின்றிருந்தாலும் புரொப்பல்லருக்கு முன்னால் நடக்காதீர்கள், அதைத் தொடவும் தொடாதீர்கள்.

ஏழாம் படி: ஓட்டக் கற்றல்

பொழுதுபோக்காகப் பறக்கத் தனியார் விமானி உரிமம் போதும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும், தனியார் உரிமத்துக்கு 17 வயதும் நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானச் சட்டம், வானிலை, திசையறிதல், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றை உள்ளடக்கிய எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு பெற வேண்டும். வேலைக்காகப் பறப்பதற்கான வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம். அது தனிப் பாதை, செலவும் பல மடங்கு.

வரிசையை மாற்றாதீர்கள். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் நிலை மருத்துவப் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கண்பார்வை, காது, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் தடை இருந்தால், பள்ளிக்குப் பணம் கட்டுமுன் தெரிந்துவிடும். பிறகு பள்ளிக்கு நேரில் போய், எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள், சென்ற மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று மாணவர்களிடமே விசாரியுங்கள். விளம்பரத் தாளில் பத்து விமானங்கள் இருக்கலாம், கொட்டகையில் இரண்டு மட்டுமே இயங்கலாம். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாமல், பறக்கும் மணிக்கேற்பப் பகுதி பகுதியாகச் செலுத்த ஒப்புக்கொள்ளும் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.